பெட்டியை அப்புறம் பாருங்க, லீடை முதல்ல கேளுங்க: பேஸ்மேக்கரில் எந்த மின்முனை யாருக்கு?

பேஸ்மேக்கர் வைக்கணும் என்று டாக்டர் சொன்னதும், வெளியே வந்து குடும்பத்தார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இரண்டுதான். "எந்தக் கம்பெனிண்ணே நல்லாருக்கும்?" "பேட்டரி எத்தனை வருசம் வரும்?" மேலூரிலிருந்து வந்தவரும் சரி, மதுரை அண்ணாநகரில் குடியிருப்பவரும் சரி, இதையேதான் கேட்கிறார்கள். இரண்டுமே பெட்டியைப் பற்றிய கேள்வி. பெட்டி தோலுக்கு அடியில் இருப்பது. பேட்டரி தீர்ந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, பழைய தழும்பிலேயே கீறி, கழற்றி வேறு மாட்டிவிடலாம். அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இறங்கி இதயத்தசையில் போய் நிற்கிற லீடு என்ற மின்கம்பி அப்படிப்பட்டதில்லை. உடம்பு அதைச் சுற்றி நார்த்திசு வளர்த்து ஒட்டவைத்துவிடும். பல வருடம் ஆன லீடை வெளியே எடுப்பது என்றால் லேசர் உறை, பக்கத்திலேயே தயாராக நிற்கும் அறுவைக் குழு என்று விஷயம் பெரிதாகிவிடும். பெட்டி சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை மாறும். லீடு விஷயத்தில் இன்று எடுக்கிற முடிவு அடுத்து வரப்போகும் பெட்டிகளுக்கும் சேர்த்து எடுக்கிற முடிவு.

பேஸ்மேக்கர் வைத்தவர்களின் கருவியை புரோகிராமர் என்ற வெளிக்கணினி வைத்துப் படித்துப் பார்ப்பது என் வேலை. செக்-அப்பில் என் நேரம் பெரும்பாலும் லீடு நுனியை, அதாவது அங்குள்ள மின்முனையைப் பற்றிய எண்களில்தான் போகும். எதை வைப்பது என்பதை டாக்டர்தான் தீர்மானிப்பார். ஆனால் எந்த லீடு, எந்த இடம், ஏன் என்று கேட்கத் தெரிந்த குடும்பத்துக்குக் கிடைக்கிற பதிலே வேறு. அதற்குத் தோதாக, இன்று கைவசம் உள்ள வகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நுனியில் என்ன நடக்கிறது

பேஸ்மேக்கர் அனுப்பும் மின்துடிப்பு மிகச் சின்னது: 2.5 வோல்ட், 0.4 மில்லிசெகண்ட் என்ற அளவில் இருக்கும். நுனி தொட்டுக்கொண்டிருக்கும் தசையில் ஒரு துளி இடத்தை அது எழுப்பிவிட்டால் போதும், மீதித் தசைக்குத் தானே பரவிவிடும். அப்படி எழுப்பத் தேவையான குறைந்தபட்ச வோல்ட்டைத்தான் த்ரெஷோல்டு என்கிறோம். அதை அளப்பது சுலபம். நோயாளியின் சொந்தத் துடிப்பைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, வோல்ட்டைக் கால் காலாக இறக்குவோம்: 1.5, 1.25, 1.0, 0.75. திரையில் பேஸ்மேக்கரின் துடிப்பைக் காட்டும் ஒவ்வொரு குத்துக்கோட்டுக்குப் பின்னாலும், இதயம் எழுந்ததைக் காட்டும் அகலமான ஓர் அலை வந்துகொண்டே இருக்கும். 0.5-க்கு இறங்கியதும் கோடு மட்டும் நிற்கும், அலை வராது. அந்த நொடியே பேனாவைத் திரையிலிருந்து எடுத்துச் சோதனையை நிறுத்திவிடுவோம். படுத்திருப்பவருக்கு அது தெரிந்துவிடும். "என்னமோ ஒரு மாதிரி அமுங்குச்சு தம்பி" என்பார். அவருடைய த்ரெஷோல்டு 0.75 வோல்ட்.

இந்த ஒரு எண்ணைக் குறைவாகவும் நிலையாகவும் வைத்திருக்கத்தான் அறுபது வருடத்துக்கு மேலாக மின்முனையை மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறார்கள். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் அர்னே லார்சன் என்பவருக்கு உலகின் முதல் உட்பொருத்து பேஸ்மேக்கரை வைத்தார்கள். செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர், வைத்தவர் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர். அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. லார்சனோ மாற்றி மாற்றி இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளோடு 2001 வரை வாழ்ந்தார். அந்தக் காலத்தில் மின்முனையை நெஞ்சைத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்தில் தைத்தார்கள். வைத்த அன்று நன்றாக வேலை செய்யும். வாரங்கள் போகப் போகத் தேவைப்படும் வோல்ட் ஏறிக்கொண்டே போய், பெட்டியால் ஈடுகொடுக்க முடியாத நிலை வந்துவிடும்.

காரணம் உடம்பின் எதிர்வினை. அந்நியப் பொருள் ஒன்று தசையில் குத்தி நின்றதும் அந்த இடம் வீங்கி அழற்சியாகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் இது உச்சத்துக்குப் போய், பிறகு அடங்கி, நுனியைச் சுற்றி ஒரு நார்த்திசு உறை மிஞ்சுகிறது. அந்த உறைக்கு மின்சாரத்தால் எழும் தன்மை கிடையாது. உயிருள்ள தசை நுனியிலிருந்து உறையின் தடிமன் அளவுக்குத் தள்ளிப் போய்விடுகிறது. தூரம் கூடினால் மின்புலம் பலவீனமாகும். வோல்ட்டைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

1983-ல் சந்தைக்கு வந்த ஸ்டீராய்டு லீடு இந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. நுனிக்குள் ஒரு சின்ன சிலிக்கோன் அடைப்பில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான டெக்ஸாமெதசோனை வைத்தார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அந்த இடத்தின் அழற்சியை மட்டும் அடக்குகிறது. சர்க்கரை நோயாளிகள் சிலர், "ஸ்டீராய்டுன்னா சுகர் ஏறுமே" என்று பயந்து கேட்பதுண்டு. இந்த அளவுக்கு அந்தப் பயம் வேண்டாம். ஸ்டீராய்டு வந்ததால் உறை மெலிந்தது. உறை மெலிந்ததால் நுனியைச் சின்னதாக்க முடிந்தது. ஆரம்பத்தில் சில பத்து சதுர மில்லிமீட்டர் இருந்த நுனி, சில லீடுகளில் 1.2 சதுர மில்லிமீட்டர் வரை வந்துவிட்டது. சின்ன நுனியில் மின்புலம் கூர்மையாகக் குவியும், மின்மறுப்பும் (மின்னோட்டத்துக்கு உள்ள தடை) கூடும், அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் செலவாகும் மின்னோட்டம் குறையும்.

சின்ன நுனிக்கு ஒரு குறையும் உண்டு. துடிப்பு முடிந்த பிறகும் உலோகத்தின் மேற்பரப்பில் அயனிகள் குவிந்து கொஞ்ச நேரம் மின்னழுத்தம் தங்கிவிடும். இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கேட்கும் வேலையை இது கெடுக்கும். அதற்குத்தான் நுனியின் மேல் டைட்டானியம் நைட்ரைடு, இரிடியம் ஆக்ஸைடு, பிளாட்டினம் கருமை போன்ற பூச்சுகள். கண்ணுக்கு ஒரு புள்ளி. நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக அதன் நிஜப் பரப்பு நூற்றுக்கணக்கான மடங்கு. வெளி அளவு சின்னது, உள் பரப்பு பெரியது. இரண்டு நன்மையும் ஒரே நுனியில். இன்று பெட்டி தானே த்ரெஷோல்டை அளந்து வோல்ட்டைச் சரிசெய்துகொள்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்தப் பூச்சின் பங்கும் இருக்கிறது.

இந்த மூன்றும், அதாவது ஸ்டீராய்டும் சின்ன நுனியும் பூச்சும், இன்று நல்ல லீடு எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன. ஆகவே இதில் நீங்கள் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஆனால் பேட்டரி ஆயுள் எங்கே தீர்மானமாகிறது என்று புரிய ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம்.

பேட்டரி 1 ஆம்பியர்-மணி, பெட்டியின் உள்வேலைக்கு மட்டும் 8 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே லீடு, நிமிடத்துக்கு 60 துடிப்பு, எல்லாமே பேஸ்மேக்கர் கொடுப்பது. 2.5 வோல்ட், 0.4 மில்லிசெகண்ட், 500 ஓம் என்றால் ஒரு துடிப்புக்கு 2 மைக்ரோகூலும், சராசரியாக 2 மைக்ரோ ஆம்பியர். மொத்தம் 10. பேட்டரி 1 லட்சம் மணி நேரம், அதாவது 11 வருடத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். இதே லீடில் 5 வோல்ட் வைத்தால்? மின்னூட்டம் இரு மடங்கு, 2.8 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்டை உண்டாக்க இன்னொரு இரு மடங்கு. 2 இருந்த இடத்தில் 8 வருகிறது. மொத்தம் 16, சுமார் 7 வருடம். மறுபக்கம், 2.5 வோல்ட்டிலேயே 1000 ஓம் நுனி வைத்தால் 2 என்பது 1 ஆகும்; 12.5 வருடத்துக்கு மேல் போகும். ஆக, அதிக மின்மறுப்பு நுனியால் வரும் லாபம் ஒன்றேகால் வருடம். த்ரெஷோல்டு ஏறி வோல்ட்டைக் கூட்டினால் வரும் நஷ்டம் நாலு வருடம். "எத்தனை வருசம் வரும்" என்ற கேள்விக்குப் பதில் பெட்டியின் விளம்பரத்தாளில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு முனையா, இரு முனையா

யூனிபோலார் லீடில் நுனியில் ஒரு மின்முனை மட்டும். மின்னோட்டம் நுனியிலிருந்து கிளம்பி நெஞ்சு வழியாகப் பெட்டியின் உலோக உடலுக்குத் திரும்பும். பைபோலாரில் நுனிக்குக் கொஞ்சம் பின்னாலேயே ஒரு வளையம் இருக்கும், மின்சுற்று இதயத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

யூனிபோலாருக்காக ஒரு காலத்தில் சொல்லப்பட்ட வாதம் நியாயமானதுதான்: ஒரே கம்பிச்சுருள், மெல்லிசு, உடைய ஒரு பாகம் குறைவு. பைபோலாரில் சுருளுக்குள் சுருள், நடுவே காப்புறை. எது விட்டாலும் கோளாறு. 1980-களில் 80ஏ என்ற பாலியூரித்தேன் காப்புறை உடம்புக்குள் விரிசல் விட்டபோது இந்த வாதத்துக்கு வலு கூடியது. இன்று கடினமான பாலியூரித்தேன், சிலிக்கோன், இரண்டையும் கலந்த உறைகள் என்று அந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

நம்ம ஊர்ப் பக்கம் யூனிபோலாரின் குறை வேறு விதமாகத் தெரியும். பெட்டி உட்கார்ந்திருக்கும் மார்புத்தசை சுருங்கும்போது எழும் மின்சாரத்தை அது இதயத்துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு, தன் துடிப்பை நிறுத்திவிடக்கூடும். வாடிப்பட்டிப் பக்கம் வயலில் மண்வெட்டி பிடிப்பவர், கிணற்றில் வாளி இழுக்கும் பெண், சந்தையில் மூட்டை ஏற்றுபவர் எல்லாருக்கும் இது நிஜமான பிரச்சினை: கையை ஓங்கி வேலை செய்யும்போது தலைசுற்றல். வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவருக்கு வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலும் சேரும். பைபோலார் லீடு இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள சின்ன இடத்தை மட்டும் கேட்பதால் இவற்றை நன்றாகவே வடிகட்டிவிடும். அதற்காக வெல்டிங் பக்கம் போகலாம் என்று அர்த்தமில்லை, அது டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டியது.

என் பார்வையில் இந்த விவாதத்தை முடித்துவைப்பது ஒரே விஷயம். பைபோலார் லீடில் வளையத்தின் கம்பி என்றைக்காவது பழுதானால், புரோகிராமரில் அதை யூனிபோலாராக மாற்றி ஓட்டிச் சமாளிக்கலாம். யூனிபோலாரை யாராலும் பைபோலார் ஆக்க முடியாது.

சிறகா, திருகா

பாசிவ் லீடின் நுனியில் மூன்று நாலு சின்ன ரப்பர் சிறகுகள் பின்னோக்கி நிற்கும். வலது வென்ட்ரிக்கிளின் (இதயத்தின் கீழ் அறை) அடிப்பக்கம் தசை, வலைப்பின்னல் மாதிரி இருக்கும். அதற்குள் போய்ச் சிறகு மாட்டிக்கொள்ளும். ஆக்டிவ் லீடில், கேத் லேப்பில் (எக்ஸ்ரே பார்த்தபடி லீடு வைக்கும் அறை) சொல்கிறபடி ஸ்க்ரூ லீடில், நுனியில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு திருகுச்சுருள். லீடின் வெளிமுனையில் கிளிப் மாட்டிச் சுற்றினால் உள்ளே நுனியில் சுருள் வெளிவரும். எக்ஸ்ரே திரையில் நுனியருகே உள்ள இரண்டு அடையாளப் புள்ளிகளின் இடைவெளியை வைத்துச் சுருள் முழுக்க வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.

திருகியவுடன் அளந்தால் எண் பயமுறுத்தும்: 1.5 வோல்ட், சில சமயம் அதற்கும் மேல். தசையில் புதுக்காயம். கூடவே இதயத்திலிருந்து வரும் மின்பதிவில் அலையின் வால் மேலே தூக்கி நிற்கும். அதைப் பார்த்தால் டாக்டருக்கு நிம்மதி, சுருள் தசைக்குள் சரியாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து அளந்தால் 0.7-க்கு வந்திருக்கும். பாசிவ் லீடில் இந்தக் காத்திருப்பு கிடையாது, வைத்ததும் நல்ல எண் வரும்.

ஆனால் பாசிவ் லீடுக்குத் தசைவலை உள்ள இடம்தான் வேண்டும். இரு வென்ட்ரிக்கிளுக்கும் இடையிலுள்ள நடுச்சுவரில் வழுவழுப்பான இடத்தில் அது நிற்காது. பைபாஸ் அறுவை ஆனவர்களுக்கு மேல் அறையின் காதுமடல் போன்ற பகுதி வெட்டப்பட்டிருந்தால் அங்கேயும் மாட்டாது. பின்னாளில் எடுக்க வேண்டி வந்தாலும் சிறகு சிக்கிக்கொள்ளும், திருகு லீடு ஒப்பீட்டில் சுலபமாக வரும். இந்தக் காரணங்களால் இன்று பெரும்பாலும் திருகுதான் போகிறது.

ஆனாலும் திருகுக்கு ஓர் ஆபத்து உண்டு: சுவரைத் துளைத்துவிடுவது. எண்பது வயதுப் பாட்டி, நாற்பது கிலோகூட இல்லை, ஆஸ்துமாவுக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை. இப்படிப்பட்டவருக்கு வலது வென்ட்ரிக்கிளின் அடிமுனைச் சுவர் மிகவும் மெலிந்திருக்கும். அங்கே திருகைக் கொண்டுபோய் இறக்குவதற்குப் பதில் சிறகு லீடை வைப்பது என்று ஒரு டாக்டர் சொன்னால், பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார் என்று நினைக்காதீர்கள். அல்லது திருகு லீடையே நடுச்சுவரில் வைப்பார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

புதிய வடிவம் எல்லாமே முன்னேற்றம் என்று நம்பிவிடவும் கூடாது. மேல் அறைக்காக ஜே எழுத்து வடிவில் வளைந்து நிற்க உள்ளே ஒரு கம்பி வைத்த லீடு ஒன்று இருந்தது, டெலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் அக்யூஃபிக்ஸ். அந்தக் கம்பி உள்ளேயே உடைந்து, உறையைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, உயிர்ச்சேதம் வரை போனது. 1994-ல் திரும்பப் பெற்றார்கள். மின்முனையில் கோளாறே இல்லை, அதைத் தாங்கிய கம்பியில்தான் கோளாறு.

கம்பி என்றதும் இன்னொன்று. லீடு எந்த ரத்தக்குழாய் வழியாகப் போகிறது என்பதும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் போனால், கை அசையும் ஒவ்வொரு முறையும் நசுங்கும். அக்குள் பக்கத்து நாளம் வழியாகவோ, கையின் மேல்நாளத்தைக் கீறியோ போனால் அந்த நசுக்கல் கிடையாது. உடல் உழைப்புள்ளவர்கள் இதைக் கேட்கலாம். இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள் மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெட்டி வழக்கமாக இடது பக்கம்தான் போகும்.

எந்த இடத்தில் நிற்க வேண்டும்

இனி வருவதுதான் இன்றைய நிஜமான தேர்வு. இதுவரை சொன்னவை லீடின் அமைப்பு. இது லீடு போய் நிற்கும் இடம். ஆனால் இடம் மாறியதால் லீடின் அமைப்பும் மாற வேண்டி வந்தது.

இதயத்துக்குள் இயல்பான மின்பாதை ஒன்று இருக்கிறது. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவிலுள்ள முடிச்சிலிருந்து ஹிஸ் கற்றை, அதிலிருந்து வலது கிளை, இடது கிளை. அந்த வழியில் போனால் இரண்டு வென்ட்ரிக்கிளும் ஒரே நேரத்தில் சுருங்கும். பல பத்தாண்டுகளாக லீடு நின்றது வலது வென்ட்ரிக்கிளின் அடிமுனையில். அங்கிருந்து கிளம்பும் துடிப்பு மின்பாதையில் ஏறாமல் தசைக்குத் தசை மெல்லப் பரவும். வலது முந்தும், இடது பிந்தும். கொஞ்சமாகத் துடிக்க வைக்கும்போது பரவாயில்லை. ஒரு நாளைக்கு 86,400 துடிப்பும் இப்படியே என்றால், பத்தில் ஒருவர் இருவருக்குச் சில வருடங்களில் இதயத்தின் இறைக்கும் திறன் குறைகிறது. 2002-ல் வெளிவந்த டேவிட் ஆய்வு, தேவையில்லாமல் வலது வென்ட்ரிக்கிளைத் தூண்டுவது கெடுதல் என்பதை உலகத்துக்கு உறைக்க வைத்தது.

அடிமுனையை விட்டு வலது பக்க நடுச்சுவரில் திருகினால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். துளை விழும் ஆபத்து குறைந்தது உண்மை. இறைக்கும் திறனில் எதிர்பார்த்த லாபம் ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை.

2000-ல் ஹிஸ் கற்றையிலேயே நிரந்தரமாக லீடைத் திருகிக் காட்டினார்கள். கொள்கை அளவில் இதைவிடச் சிறந்த இடம் இல்லை. மின்பதிவில் அலை இயல்பானதைப் போலவே ஒல்லியாக வரும். நடைமுறையில் சிக்கல். அந்தக் கற்றை நார்த்திசுக்குள் புதைந்து போகிறது. நுனி எழுப்ப வேண்டிய தசை பக்கத்தில் இல்லை. த்ரெஷோல்டு அதிகம், காலப்போக்கில் இன்னும் ஏறலாம், கேட்க வேண்டிய சிக்னலும் சின்னது. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள்: வோல்ட் ஏறினால் பேட்டரி எங்கே போகும்?

2017-ல் சீனாவின் வென்ஜோவிலிருந்து வந்த செய்தி இதற்கு வழி காட்டியது. வலது பக்கத்திலிருந்து நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், இடது பக்க ஓரத்தில் ஓடும் இடது கிளையைத் தொடுவது. அங்கே சுற்றிலும் தசை இருப்பதால் த்ரெஷோல்டு 1 வோல்ட்டுக்குக் கீழேயே கிடைக்கும், சிக்னலும் பெரிது. இதைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை என்பதை மதுரைக்காரர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து இடது கிளைத் தூண்டல் பற்றிப் பன்னாட்டு இதழ்களில் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன.

இதற்கு அதிகம் பயன்பட்டது செலக்ட்செக்யூர் 3830 என்ற லீடு. தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. உள்ளே கம்பி நுழைக்கும் துவாரமே கிடையாது, திருகு எப்போதும் வெளியே நிற்கும். தனி வளைவுள்ள உறைக்குழாய் வழியாகக் கொண்டுபோய், லீடின் உடம்பையே விரலால் உருட்டித் திருக வேண்டும். துவாரம் இல்லாததால் விரலின் திருகல் அப்படியே நுனிக்குப் போகிறது. பார்க்க வேண்டிய காட்சி அது. நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி முனைகளில் வி1, வி6 என்ற இரண்டைப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் வி1 மின்பதிவு ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி இருக்கும். வேகமாகச் சில சுற்று; நடுவிலுள்ள மேடு கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகரும்; கடைசியில் அலையின் முடிவில் ஒரு மேல்நோக்கிய கூம்பாக நிற்கும். வி6-ல் அலை உச்சியைத் தொடும் நேரம் படக்கென்று குறைந்து 75, 80 மில்லிசெகண்ட் பக்கம் வந்தால் கிளையைப் பிடித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் மின்மறுப்பைச் சத்தமாகப் படித்துக்கொண்டே இருப்பார். அது திடீரென விழுந்தால் சுவரைத் தாண்டி இடது அறைக்குள் போய்விட்டது என்று பொருள். பின்வாங்கி வேறு இடம் பார்க்க வேண்டும்.

துவாரமும் உள்கம்பியும் உள்ள சாதாரண திருகு லீடை வைத்தும் இப்போது செய்கிறார்கள். அதில் வெளியுடம்பைச் சுற்றும்போது வெளிவந்த திருகு உள்ளே திரும்பிவிடும் தொல்லை உண்டு. முன்கூட்டியே உள்சுருளை முறுக்கி வைத்துத்தான் இறங்க வேண்டும். சுவருக்குள் நுழையும் இடத்தில் லீடு துடிப்புக்குத் துடிப்பு மடங்குவதால், கம்பி எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு ஆழத்தில் இருக்கும் லீடை இருபது வருடம் கழித்து எடுத்த அனுபவம் யாருக்கும் கிடையாது. முப்பது வயதுக்காரருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். எழுபதைத் தாண்டியவருக்கு அவ்வளவு இல்லை.

லீடே இல்லாமல்

2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைக்ரா என்ற லீடில்லா பேஸ்மேக்கர் சுமார் 2 கிராம் எடை, பெரிய மாத்திரை அளவு. தொடை நாளம் வழியாக ஏற்றி வலது வென்ட்ரிக்கிளில் விட்டால், நிட்டினால் என்ற உலோகக் கொக்கிகள் நாலும் தசையைப் பிடித்துக்கொள்ளும். 2022-ல் அங்கே அனுமதி பெற்ற அவெயர் திருகு வகை, பிறகு எடுப்பதை மனத்தில் வைத்துச் செய்தது. நெஞ்சில் பை இல்லை, கம்பி இல்லை, ஆகவே இவை இரண்டிலும் வரும் கோளாறும் இல்லை. டயாலிசிஸில் கைநாளங்கள் அடைபட்டவருக்கும், பழைய பேஸ்மேக்கர் பையில் சீழ் பிடித்து எடுக்க வேண்டி வந்தவருக்கும் இது பெரிய வரம். மற்றவர்களுக்கு? பல மடங்கு விலை கொடுத்தும் தூண்டுவது அதே வலது வென்ட்ரிக்கிளை, அதே தசைவழிப் பரவலோடு. தழும்பு தெரியாது என்பதற்காக மட்டும் கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நான் கேட்டால் எதைக் கேட்பேன்

முதலில், துடிப்பு ஏன் குறைந்தது என்று கேட்பேன். மேல் அறையின் தொடக்கப்புள்ளி மந்தமாகி, கீழே போகும் பாதை நன்றாக இருந்தால், வென்ட்ரிக்கிள் லீடுக்கு வேலை அபூர்வமாகத்தான் வரும். அங்கே ஸ்டீராய்டு உள்ள பைபோலார் திருகு லீடு, வலது நடுச்சுவரில், அது போதும். அதற்கு மேல் செலவழிக்கச் சொன்னால் காரணம் கேட்பேன்.

மேலுக்கும் கீழுக்கும் தொடர்பே அறுந்த முழு அடைப்பு என்றால் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு துடிப்பும் லீடு நுனியிலிருந்துதான் வரப்போகிறது. அங்கே இடது கிளைத் தூண்டல்தான் என் விருப்பம், ஒரு நிபந்தனையோடு: செய்பவர் அதை வாடிக்கையாகச் செய்பவராக இருக்க வேண்டும். எப்போதாவது செய்பவர் கையால் ஆழமாகத் துளைப்பதைவிட, நன்கு பழகியவர் சாதாரணமாக வைக்கும் லீடே மேல். இறைக்கும் திறன் ஏற்கெனவே குறைந்திருந்தால் இரண்டு வென்ட்ரிக்கிளையும் தனித்தனியாகத் தூண்டும் முறையும் போட்டிக்கு வரும். நாலு மின்முனை கொண்ட லீடுகளெல்லாம் அங்கே உண்டு. அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வைப்பவர்கள், அந்தத் தொகைக்குள் வரும் லீடு எது, இடது கிளைக்குத் தேவையான உறைக்குழாயும் அதில் அடங்குமா என்பதை அனுமதிக்கு எழுதும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மேசையில் படுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் பெட்டியின் மாடல் எண்ணோடு லீடின் மாடல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் தகுதியானதாக இருந்தால்தான் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பழைய லீடோடு புதுப் பெட்டியை மாட்டிவிட்டு "எம்.ஆர்.ஐ. பேஸ்மேக்கர்" என்று நம்பி வருபவர்களை ஸ்கேன் அறை வாசலில் திருப்பி அனுப்புகிறார்கள்.

இன்னொன்று, மூன்றாவது மாதச் செக்-அப். வைத்த புதிதில் அழற்சி ஏறும் என்று கருதி 3.5 வோல்ட் அல்லது அதற்கு மேல் வைத்திருப்பார்கள். மூன்று மாதத்தில் த்ரெஷோல்டு நிலைக்கு வந்துவிடும், அதன் இரு மடங்கு அளவுக்கு வோல்ட்டை இறக்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஆரப்பாளையம் வரைக்கும் பஸ் ஏறணும்" என்று வருடக்கணக்கில் வராமல் இருந்தார். வந்தபோது த்ரெஷோல்டு 0.5 வோல்ட், கருவி கொடுத்துக்கொண்டிருந்தது 5 வோல்ட். நல்ல ஸ்டீராய்டு லீடு, நல்ல பூச்சு, எல்லாம் சரி. பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. பெட்டி தானாக இறக்கிக்கொள்ளும் வகையாக இருந்தாலும், அந்த வசதியை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று அந்த முதல் செக்-அப்பில் கேட்டுவிடுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, சட்டைப் பொத்தானைக் கழற்றிப் படுத்தால் கால் மணி நேர வேலை.